டிப்ளோமா இல்லை, 9 ஆண்டு மர வேலை இருக்கிறது: பூங்காக் கழகத்தில் சேர முடியுமா?

கேள்வி: ஐயா, எனக்கு வயது 41. சிங்கப்பூர்க் குடிமகன், ஈசூனில் இருக்கிறேன். தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் எலக்ட்ரானிக்ஸ் நைட்டெக் முடித்துவிட்டுத் தொழிற்சாலையில் வேலை பார்த்தேன். அது மூடிய பிறகு ஒரு லேண்ட்ஸ்கேப் கம்பெனியில் சேர்ந்து 9 ஆண்டு ஆகிறது. முதல் 4 ஆண்டு புல் வெட்டுவதும் செடி நடுவதும்தான். அப்புறம் மரக் குழுவுக்கு மாற்றினார்கள், இப்போது சூப்பர்வைசர். போன ஆண்டு ஒரு தூங்குமூஞ்சி மரத்தின் அடியில் காளான் முளைத்திருந்ததைப் பார்த்து மேலே சொன்னேன். சோதித்துவிட்டு மரத்தை எடுத்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகத்தில் தொண்டூழியராக வழிகாட்டுகிறேன்.

எலக்ட்ரானிக்ஸ் டிப்ளோமாவைப் பகுதிநேரமாகப் படிக்கத் தொடங்கி, 5 மாடுலர் சான்றிதழ்களில் 3 முடித்த நிலையில் இரண்டாவது பிள்ளை பிறந்ததும் விட்டுவிட்டேன். தேசியப் பூங்காக் கழக விளம்பரங்களில் ‘தொடர்புடைய துறையில் டிப்ளோமா அல்லது பட்டம்’ என்று பார்த்ததும் மனம் சோர்ந்துவிடுகிறது. அமெரிக்காவில் படிப்பையும் அனுபவத்தையும் கூட்டிக் கணக்குப் போட்டு அரசாங்க வேலை கொடுக்கிறார்களாமே, இங்கே அப்படி உண்டா? இல்லை, பகுதிநேரமாக நாலைந்து வருடம் பட்டம் படிக்கத்தான் வேண்டுமா? எங்கள் முதலாளிக்கு வயதாகிவிட்டது, ஆண்டு இறுதியில் கம்பெனியை மூடப்போவதாகச் சொல்கிறார். எனக்கு ஆங்கிலம் பேச வரும், எழுதத்தான் தடுமாற்றம்.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: தம்பி, பட்டப் படிப்பில் இப்போது சேராதீர்கள். எந்த வேலைக்குப் போகப் போகிறோம் என்று முடிவு செய்யாமல் 41 வயதில் ஒரு பட்டத்தைத் தொடங்கினால், முடிக்கும்போது அது எதற்கும் சரியாகப் பொருந்தாமல் நிற்கும். உங்களிடம் குறைவது பட்டமில்லை. அதற்கு முன்னால் அந்த அமெரிக்கக் கணக்கைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் நீங்கள் கேள்விப்பட்டதில் பாதிதான் சரி.

அமெரிக்க மத்திய அரசில் 0401 என்று ஒரு வேலைத் தொடர் உண்டு. இயற்கை வள மேலாண்மை, உயிரியல் சார்ந்த பொதுவான பணிகள் அதில் வரும். அதற்கு இரண்டு வழியாகத் தகுதி பெறலாம். உயிரியல், வேளாண்மை, இயற்கை வள மேலாண்மை, வேதியியல் போன்ற துறையில் பட்டம் பெற்றிருப்பது ஒரு வழி. பட்டம் இல்லாதவர்கள் அதே துறைகளில் ஒரு மேஜருக்கு, அதாவது பட்டத்தின் முதன்மைப் பாடத்துக்கு, இணையான பாடங்களைப் படித்து, அதோடு தகுந்த அனுபவத்தையோ கூடுதல் படிப்பையோ காட்டுவது இன்னொரு வழி. தொடக்க நிலைப் பதவிகளில், தேவையான படிப்பில் இத்தனை சதவீதம், தேவையான அனுபவத்தில் இத்தனை சதவீதம் என்று இரண்டையும் கூட்டி 100 வருகிறதா என்று பார்க்கிறார்கள். நீங்கள் கேள்விப்பட்டது இதைத்தான். ஆனால் அந்த இரண்டாவது வழியிலும் பாடம் அதே துறையில் இருக்க வேண்டும். வெறும் அனுபவத்தை வைத்து உள்ளே போக முடியாது. எலக்ட்ரானிக்ஸ் படித்தவருக்கு அங்கே அந்தக் கதவு திறக்காது. அந்த வேலைகள் பெரும்பாலும் அந்நாட்டுக் குடிமக்களுக்கு என்பது வேறு.

இங்கே அப்படி எழுதி வைத்த கூட்டல் கழித்தல் கிடையாது. தேசியப் பூங்காக் கழகம் ஆணைபெற்ற கழகம். தனக்கு வேண்டிய ஆட்களைத் தானே விளம்பரம் செய்து எடுக்கிறது. அரசாங்கச் சேவையில் ‘டிவிஷன் 1’, ‘டிவிஷன் 2’ என்று படிப்பை ஒட்டிப் பிரித்த பழைய அடுக்கை 2017 ஜனவரியில் எடுத்துவிட்டார்கள். காப்பிக் கடையில் இன்னமும் அந்தப் பேச்சுதான் ஓடுகிறது, அதை விடுங்கள். அதற்காகப் படிப்பைப் பார்ப்பதே இல்லை என்றும் நினைத்துவிடாதீர்கள். பார்க்கிறார்கள். எப்படிப் பார்க்கிறார்கள் என்பதுதான் விஷயம்.

‘தொடர்புடைய துறையில் டிப்ளோமா’ என்ற அந்த ஒரு வரிக்குள் இரண்டு கேள்வி இருக்கிறது. இவருடைய படிப்பின் மட்டம் என்ன? இந்த வேலைக்கு இவர் பொருத்தமா? டிப்ளோமா என்பது மட்டம், தொடர்புடைய துறை என்பது பொருத்தம். இரண்டும் ஒரே சான்றிதழில் இருந்தால் எல்லாருக்கும் வசதி. இல்லையென்றால், மட்டத்தை ஓரிடத்திலிருந்தும் பொருத்தத்தை வேறோரிடத்திலிருந்தும் கொண்டுவந்து காட்டலாம். நேர்முகத் தேர்வில் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இப்படி வந்தவர்களை எடுத்திருக்கிறோம். உங்களுக்கு மட்டத்தில் இரண்டு சான்றிதழ் குறைகிறது. பொருத்தம் ஏராளமாக இருக்கிறது, ஆனால் ஒரு தாளில்கூட இல்லை.

முதலில் பொருத்தத்தைத் தாளில் ஏற்றுவோம். உங்கள் நிலையில் இருப்பவருக்கு நான் சொல்வது ஒன்றே ஒன்று: அனைத்துலக மரவளர்ப்புச் சங்கத்தின் ‘சர்ட்டிஃபைட் ஆர்போரிஸ்ட்’ தேர்வு. ஐஎஸ்ஏ என்று சொன்னால் உங்கள் துறையில் எல்லாருக்கும் தெரியும். நீங்கள் தேடும் கூட்டுக் கணக்கு உண்மையில் இங்கேதான் இருக்கிறது. மர வேலையில் 3 ஆண்டு முழுநேர அனுபவம் இருந்தால் தேர்வு எழுதலாம். தோட்டக்கலை, வனவியல், மரவளர்ப்பு போன்ற துறையில் ஈராண்டுப் படிப்பு முடித்தவருக்கு 2 ஆண்டு அனுபவம் போதும். நான்காண்டுப் பட்டம் இருந்தால் 1 ஆண்டு. படிப்பு கூடக்கூட அனுபவத்தில் தள்ளுபடி.

இங்கே ஒரு எச்சரிக்கை. உங்கள் 9 ஆண்டை அப்படியே எழுதிவிடாதீர்கள். மரம் கவாத்து செய்தது, நட்டது, நோய் பார்த்தது, கேபிள் கட்டித் தாங்கியது, இவைதான் மர அனுபவம். முதல் 4 ஆண்டுப் புல்வெட்டு இதில் சேராது. மீதி 5 ஆண்டு. 3 கேட்கிற இடத்தில் 5 இருக்கும்போது அதை 9 ஆக்கிக் காட்ட வேண்டிய அவசியமே இல்லை. அனுபவத்தை உறுதிப்படுத்த முதலாளியின் கடிதம் வேண்டியிருக்கும், அதற்குக் கடைசியில் வருகிறேன்.

தேர்வு 200 கேள்வி, விடையைத் தேர்ந்தெடுக்கும் வகை, ஆங்கிலத்தில். சிங்கப்பூரிலேயே எழுதலாம். மண், மர உயிரியல், இனங்களை அடையாளம் காண்பது, கவாத்து, அபாய மதிப்பீடு, பாதுகாப்பான வேலைமுறை என்று பல பகுதிகள். உங்களைப் போன்றவர்கள் கவாத்திலும் பாதுகாப்பிலும் நன்றாக வாங்கிவிட்டு, மண்ணிலும் மர உயிரியலிலும் சறுக்குவார்கள். படிப்பதை அந்த இரண்டில் தொடங்குங்கள். தேறியபின் 3 ஆண்டுக்கு ஒரு முறை, தொடர்ந்து கற்றதற்கான மணிகளைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். அதே சங்கம் மர அபாய மதிப்பீட்டுக்குத் தனித் தகுதி ஒன்றும் கொடுக்கிறது. அது அடுத்த கட்டம், இப்போதைக்கு மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

இனி உங்கள் விண்ணப்பம். கடிதத்தோடு அனுப்பியிருந்த தன்விவரக் குறிப்பில், ‘9 ஆண்டு லேண்ட்ஸ்கேப் அனுபவம். 8 பேர் குழுவுக்கு சூப்பர்வைசர். கடின உழைப்பாளி’ என்று மூன்று வரி இருக்கிறது. அந்தக் காளான் விஷயம் அதில் இல்லவே இல்லை. எனக்குப் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான் உங்களிடம் இருப்பதிலேயே பெரிய சொத்து.

யோசித்துப் பாருங்கள். தூங்குமூஞ்சி மரத்தின் அடியில் தட்டுத் தட்டாக முளைக்கும் காளான் பெரும்பாலும் கனோடெர்மா வகையாக இருக்கும். அது வேரையும் அடிமரத்தையும் உள்ளே அரித்துக்கொண்டே போகும்; மேலே இலை பச்சைப் பசேலென்று இருக்கும். கீழே நடப்பவருக்கு ஒன்றும் தெரியாது. நீங்கள் குனிந்து பார்த்தீர்கள். நேர்முகத் தேர்வில் நான் கேட்டிருந்தால் இப்படித்தான் கேட்டிருப்பேன்: காளான் அடிமரத்தின் எந்தப் பக்கம் இருந்தது? சுற்றளவில் எவ்வளவு தூரம் பரவியிருந்தது? சுத்தியலால் தட்டிப் பார்த்தீர்களா, எந்த உயரம் வரைக்கும் பொள்ளல் சத்தம் கேட்டது? மரம் எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது? சாய்ந்த பக்கம் என்ன இருந்தது, வெறும் புல்தரையா, பேருந்து நிறுத்தமா? சோதிக்க ஆள் வரும்வரை அந்த இடத்தை என்ன செய்தீர்கள்?

கடைசி இரண்டு கேள்விதான் முக்கியம். மரம் விழ எவ்வளவு வாய்ப்பு, விழுந்தால் யார்மீது அல்லது எதன்மீது விழும், அதனால் என்ன சேதம் ஆகும் என்று மூன்றையும் சேர்த்துப் பார்ப்பதுதான் அபாய மதிப்பீடு. பூங்காக் கழகத்தில் சாலையோர மரங்களைப் பார்க்கும் அதிகாரியின் அன்றாட வேலையே இது. நீங்கள் இதைச் செய்துவிட்டு ‘கடின உழைப்பாளி’ என்று எழுதி அனுப்புகிறீர்கள்!

அந்த வரிகளை அழித்துவிட்டு இப்படி எழுதுங்கள்: ‘வழக்கமான கவாத்தின்போது தூங்குமூஞ்சி மரத்தின் அடியில் காளானைக் கண்டேன். தட்டிப் பார்த்ததில் பொள்ளல் ஒலி. மரம் நடைபாதைப் பக்கம் சாய்ந்திருந்ததால் அந்தப் பகுதியைத் தடுப்பு வைத்து மூடி, படங்களோடு அன்றே அறிக்கை அனுப்பினேன். சோதனையில் உட்சிதைவு உறுதியாகி மரம் அகற்றப்பட்டது.’ இதில் எது உங்கள் விஷயத்தில் நடக்கவில்லையோ அதை எடுத்துவிடுங்கள். தட்டிப் பார்க்கவில்லை என்றால் தட்டினேன் என்று எழுதக்கூடாது. இரண்டாவது கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள். இதைப்போல இன்னும் நாலைந்து சம்பவம் நிச்சயம் இருக்கும். புயல் இரவில் சாலையை மறித்து விழுந்த மரம், குழுவில் ஒருவர் கயிறு மாட்டாமல் ஏறப் போனதை நீங்கள் தடுத்தது, கட்டுமானத் தளத்தில் வேரை வெட்டப் பார்த்த கான்ட்ராக்டரோடு சண்டை. எத்தனை ஆண்டு வேலை செய்தீர்கள் என்பதைவிட, எந்த இடத்தில் நீங்களே முடிவெடுத்தீர்கள் என்பதைத்தான் அவர்கள் தேடுவார்கள்.

சட்டமும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். பூங்கா, மரங்கள் சட்டப்படி மரப் பாதுகாப்பு வட்டாரங்களிலும் காலி நிலத்திலும் 1 மீட்டருக்கு மேல் சுற்றளவுள்ள மரத்தை அனுமதியில்லாமல் வெட்டக் கூடாது. கான்ட்ராக்டராக இருக்கும்வரை ‘அனுமதி வந்ததா’ என்று கேட்டால் போதும். அந்தப் பக்கம் போய்விட்டால் அனுமதி கொடுக்கலாமா என்று யோசிப்பவர் நீங்கள்.

சரி, மட்டத்துக்கு வருவோம். எலக்ட்ரானிக்ஸ் டிப்ளோமாவில் மீதி இரண்டு சான்றிதழை முடிக்கலாமா என்று நீங்கள் கேட்கவே இல்லை. நான் சொல்கிறேன்: முடித்த மூன்றும் இன்னும் செல்லுபடியாகிறது என்றால் முடியுங்கள். பலதுறைத் தொழிற்கல்லூரிக்கு மின்னஞ்சல் அனுப்பி, எழுத்தில் பதில் வாங்குங்கள். ஒரு மாடுலர் சான்றிதழ் சுமார் ஆறு மாதம், ஆக ஓராண்டில் டிப்ளோமா கையில். ‘எலக்ட்ரானிக்ஸுக்கும் மரத்துக்கும் என்ன சம்பந்தம்’ என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்பார். சம்பந்தம் வேண்டாம். இணைய விண்ணப்பத்தில் ‘உயர்ந்த கல்வித் தகுதி’ என்று ஒரு கட்டம் இருக்கும், அதில் நைட்டெக் என்பதற்குப் பதில் டிப்ளோமா என்று போடலாம். பொருத்தத்தை ஆர்போரிஸ்ட் சான்றிதழும் அந்தச் சம்பவங்களும் காட்டிவிடும். முடித்தவை காலாவதி ஆகிவிட்டன என்றால் மட்டும் எலக்ட்ரானிக்ஸை மறந்துவிட்டு, தோட்டக்கலை அல்லது சுற்றுச்சூழல் சார்ந்த படிப்பைப் புதிதாகப் பாருங்கள்.

பணத்துக்குக் கவலை வேண்டாம். 40 வயதும் அதற்கு மேலும் ஆன குடிமக்களுக்கு 2024 மே மாதத்திலிருந்து பயிற்சிக் கட்டணத்துக்காக 4,000 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகை போடுகிறார்கள், உங்கள் கணக்கிலும் இருக்கும். அது எல்லா வகுப்புக்கும் செல்லாது, எதற்குச் செல்லும் என்று மைஸ்கில்ஸ்ஃபியூச்சர் தளத்தில் பார்த்துவிட்டுச் சேருங்கள். அதுபோக, 40 வயதும் அதற்கு மேலும் ஆன குடிமக்களுக்கு மானியம் உள்ள வகுப்புகளில் கட்டணத்தில் 90 விழுக்காடு வரைக்கும் கழியும். கம்பெனி மூடி, வேலை உடனே கிடைக்காமல் முழுநேரமாகப் படிக்க நேர்ந்தால், தகுதியுள்ள முழுநேரப் படிப்புக்கு முந்தைய சராசரிச் சம்பளத்தில் பாதி, மாதம் 3,000 வெள்ளி வரை, உதவித்தொகை உண்டு. வாழ்நாளில் மொத்தம் 24 மாதம். இதை உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள், பாதிக் கவலை குறையும். இன்னொன்று, டபிள்யூஎஸ்கியூ எனும் தேசிய வேலைத்திறன் தகுதி முறையில் சில தகுதிகளுக்கு வகுப்பில் உட்காராமல் மதிப்பீட்டை மட்டும் எழுதியும் சான்றிதழ் வாங்கலாம். ஏற்கெனவே கையில் தொழில் உள்ளவருக்கு அது லாபம். பயிற்சி நிலையத்தில் கேட்டால்தான் சொல்வார்கள், தாமாகச் சொல்ல மாட்டார்கள்.

எந்த வேலைக்கு விண்ணப்பிப்பது? பூங்காக் கழகம் என்றாலே காட்டில் பறவை எண்ணுவது என்று பலர் நினைக்கிறார்கள். பூமலையில், அதாவது தாவரவியல் பூங்காவில், உலர்ந்த செடி மாதிரிகளைச் சேர்த்து வைக்கும் தாவரப் பதனகத்தில் இனங்களை வகைப்படுத்தும் ஆய்வாளர் வேலைக்கு உயிரியல் பட்டம் கட்டாயம், அதற்கு மேலும் வேண்டியிருக்கும். 2019-இல் விலங்கு மருத்துவச் சேவை அதன்கீழ் வந்தது. அங்கே விலங்கு மருத்துவர் என்றால் உரிமம் வேண்டும். அந்த இரண்டு பக்கமும் போகாதீர்கள். சாலையோர மரங்கள், பூங்கா நிர்வாகம், கான்ட்ராக்டர் வேலையை மேற்பார்வையிடுவது, இவைதான் உங்கள் இடம். கான்ட்ராக்டர் எங்கே கை வைப்பார், எங்கே கையைக் கட்டிக்கொள்வார் என்று தெரிந்தவர் மேற்பார்வைக்கு வந்தால் யாருக்குத்தான் பிடிக்காது! அரசாங்க வேலைகளுக்கான கேரியர்ஸ்@கவ் தளத்தில் ‘மேலாளர்’ பதவிகளுக்குக் கீழே அதிகாரி, நிர்வாகி நிலை வேலைகளையும் தேடுங்கள்.

அந்த ஒரு கழகத்தோடு நின்றுவிடவும் வேண்டாம். வீவக பேட்டைகளின் மரம் செடிகளை நகர மன்றங்கள் பார்த்துக்கொள்கின்றன, அவற்றுக்கும் தோட்டக்கலை அதிகாரிகள் வேண்டும். பொதுப் பயனீட்டுக் கழகம் 17 நீர்த்தேக்கங்களையும் அவற்றைச் சுற்றியுள்ள கால்வாய்களையும் கவனிக்கிறது. 2006-இல் தொடங்கிய ‘துடிப்பான, அழகான, தூய்மையான’ நீர்நிலைத் திட்டத்துக்குப் பிறகு அங்கே செடி தெரிந்தவர்களுக்கும் வேலை இருக்கிறது. ஒப்பந்த வேலை வந்தால் முகத்தைச் சுளிக்காதீர்கள். உள்ளே ஒப்பந்தத்தில் ஈராண்டு இருப்பவரும் வெளியே ஈராண்டு காத்திருப்பவரும் அடுத்த விளம்பரத்தின்போது ஒன்றல்ல.

சுங்கை பூலோ தொண்டூழியத்தை விண்ணப்பத்தில் ஒரு வரியில் எழுதுங்கள், போதும். வழிகாட்டுவதோடு, கழகம் பொதுமக்களை வைத்து நடத்தும் கொக்கு, வண்ணத்துப்பூச்சிக் கணக்கெடுப்புகளிலும் சேர்ந்தால் நல்லது. தரவு எடுக்கத் தெரியும் என்பதற்கு அது சான்று. ஆனால் தொண்டூழியம் செய்தவருக்கு வேலையில் முன்னுரிமை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இதைப் படிக்கும் வொர்க் பெர்மிட் தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை, மாதம் தவறாமல் அவர்களிடமிருந்தும் கடிதம் வருகிறது. மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியில் பட்டம் வாங்கியவராக இருந்தாலும், இங்கே வொர்க் பெர்மிட்டில் செய்த அனுபவத்தைக் காட்டி அரசாங்கக் கழகத்துக்கு நேராக மாறிவிட முடியாது. அந்த வேலைகள் பெரும்பாலும் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான். தனியார் கம்பெனி ஒன்று உயர்ந்த அனுமதிச் சீட்டுக்கு உங்களை ஆதரித்தால்தான் வழி உண்டு. ஆர்போரிஸ்ட் சான்றிதழ் அதற்கும் பலம், ஊருக்குத் திரும்பினாலும் அது செல்லும்.

ஆங்கில எழுத்தைப் பற்றி. உங்களுக்குக் கட்டுரை எழுத வரவேண்டாம், ஆய்வு அறிக்கை எழுத வரவேண்டும். மரத்தின் பெயர், இடம், சுற்றளவு, கண்டது, அபாயம், செய்யச் சொன்னது என்று ஆறு தலைப்பு. தினமும் வேலை முடிந்ததும் ஒரு மரத்தைப் பற்றி இந்த ஆறு தலைப்பில் ஆங்கிலத்தில் எழுதுங்கள், வாக்கியமாகக்கூட வேண்டாம். சில மாதத்தில் தேர்வுக்கும் நேர்முகத்துக்கும் வேண்டிய சொற்கள் எல்லாம் கைக்கு வந்துவிடும். அதில் நன்றாக வந்த இரண்டு மூன்றை நேர்முகத் தேர்வுக்குக் கையோடு கொண்டுபோகலாம். வாடிக்கையாளர் பெயரையும் முகவரியையும் மட்டும் அடித்துவிடுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. முதலாளி கம்பெனியை மூடிவிட்டால் உங்கள் 5 ஆண்டு மர அனுபவத்துக்குச் சாட்சி சொல்ல ஆளில்லை. இந்த வாரமே அவரிடம் போய்க் கடிதம் கேளுங்கள். மரக் குழுவில் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை, முழுநேரமா, என்னென்ன மர வேலை, எத்தனை பேருக்கு மேற்பார்வை என்று எல்லாம் அதில் இருக்கட்டும். வயதானவர், எழுத நேரமிருக்காது. நீங்களே தட்டச்சு செய்து கொண்டுபோங்கள், அவர் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடட்டும். கம்பெனி முத்திரையும், கம்பெனி மூடிய பிறகும் அவரைத் தொடர்புகொள்ளக்கூடிய சொந்தத் தொலைபேசி எண்ணும் வேண்டும். இரண்டு அசல் வாங்குங்கள், ஒன்றைத் தேர்வுக்கும் மற்றதை வேலைக்கும் வைத்துக்கொள்ளலாம்.